மேல்வகுப்பாசிரியர் பாலர் பள்ளியிற் கற்கவேண்டியது

எமது கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் பவள விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலராசிரியர் பணித்தபோது, தமிழாசிரியனாகிய யான் இலக்கியம் பற்றி எழுதுவேன் என்றே அவர் எதிர்பார்த்திருப்பார். விழா மலர்களிலே கல்லூரியின் வரலாறு உண்டு. அதிபர்களின் அருந்தொண்டு உண்டு. பரீட்சைப் பெறுபேறுகளும் துடுப்பாட்ட வெற்றிகளும் உண்டு. இவையாவும் இருக்கவேண்டியவையே. ஆயினும், எமது கல்லூரி வாயிலினுள் இன்னும் அடியெடுத்து வையாத மூன்று, நான்கு வயதுச் சிறுவரைப் பற்றியும், அவர்களைப் பேணும் ஆசிரியைகளைப் பற்றியும் இம்மலரில் ஒருவரேனும் எழுதுதல் வேண்டும் என்பது என் அவா. மேல்வகுப்புகளிற் கற்பிக்கும் நாம் அவர்களிடம் சென்று கற்கவேண்டியது ஒன்று உண்டு என்பதே இக்கட்டுரையின் துணிபு.

அறிவு மேலிருந்து கீழே இறங்கி வருவதென்று நாம் நம்பியிருக்கின்றோம். பல்கலைக்கழகத்தார் ஆசிரிய கலாசாலையாருக்கும், அவர்கள் எமக்கும், நாம் மாணாக்கருக்கும் வழங்குகின்றோம். பாலர் பள்ளி ஆசிரியை இவ்வேணியின் அடிப்படியில் நிற்பவர். பிள்ளைகளுக்குப் பாட்டுப் பாடி, மூக்கைத் துடைத்து, நேரத்துக்கு வீட்டுக்கு அனுப்புபவர் என்பதே பலரது எண்ணம். கலாசாலையிற் பயின்று பயிற்றப்பட்ட ஆசிரியன் என்னும் சான்றிதழுடன் வெளிவந்த யானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் மாறியதற்குக் காரணம் ஒரு சிரட்டை.

நான்கு ஆண்டுகளின் முன் என் இளைய மகள் ஊர் முன்பள்ளியிற் பயின்றாள். சேர்ந்து ஆறு மாதம் கழிந்தும் அவளுக்கு 'அ' எழுதத் தெரியவில்லை. வேறொரு முன்பள்ளிக்குச் சென்ற அயல்வீட்டுப் பிள்ளையோ கொப்பி நிறைய எழுத்துகளை எழுதிக்கொண்டு வந்தது. இதுபற்றி ஆசிரியையிடம் முறையிடவேண்டும் என்ற எண்ணத்துடன் ஒருநாள் பள்ளி விடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே சென்று, விறாந்தையிற் கிடந்த வாங்கில் அமர்ந்தேன்.

முற்றத்து மாமர நிழலிலே ஒரு சிறுவன் பேணியில் இருந்த தண்ணீரைச் சிரட்டையில் ஊற்ற முயன்றுகொண்டிருந்தான். சிரட்டையின் அடி உருண்டையாதலின், ஊற்றுந்தோறும் அது சரிந்து நீர் சிந்தியது. நான்கு முறை சிந்தியது. நான்கு முறையும் வாளியடிக்குச் சென்று மொண்டு வந்தான். ஆசிரியை சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து சென்று சிரட்டையைப் பிடிக்க என் கை துடித்தது. ஐந்தாம் முறை அவன் ஊற்றவில்லை. பேணியைக் கீழே வைத்தான். சிரட்டையை மணலில் அழுத்தித் திருகினான். அது அசையாதிருப்பதைத் தொட்டுப் பார்த்த பின்னரே நீரை ஊற்றினான். சிரட்டை நிறைந்தது. ஆசிரியை தம் கையிலிருந்த சிறு கொப்பியில் ஏதோ எழுதிக்கொண்டார்.

"நீங்கள் ஏன் பிள்ளைக்கு உதவவில்லை?" என்று கேட்டேன். "நான் பிடித்திருந்தால் சிரட்டை நிறைந்திருக்கும், சேர். பிள்ளை ஒன்றும் படித்திராது" என்றார் அவர். யான் கொண்டு சென்ற முறைப்பாட்டைச் சொல்லாமலே மகளை அழைத்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

இவ்வாறு பார்த்து நிற்றல் அவரது தனி இயல்போ என்று பின்னொருநாள் வினவியபோது, பயிற்சி வகுப்பிற் கற்றதென்று விடையளித்தார். அதன்பின்னரே இத்துறை பற்றிய நூல்களைத் தேடிப் படிக்கலானேன். மொழியாலும் சமயத்தாலும் வேறுபட்ட தேசங்கள் பலவற்றிலே, சிறுவரோடு நெடுங்காலம் பழகியோர் ஏறக்குறைய ஒரே முடிவுக்கு வந்திருத்தலைக் கண்டேன். அம்முடிவை மூன்று சொற்களில் அடக்கலாம்: நோக்குதல், பொறுத்தல், குறித்தல்.

நோக்குதல்

யேர்மனி தேசத்துத் துரிங்கியாப் பகுதியிற் பிறந்த பிரெடெரிக் புரோபல் (1782 - 1852) ஒன்பது மாதக் குழவியாய் இருந்தபோதே தாயை இழந்தவர். அவர் 1837இல் பிளாங்கென்பூர்க் என்னும் ஊரிலே சிறுவர்க்கென ஒரு நிலையம் தொடங்கினார். 1840இல் அதற்குச் 'சிறுவர் தோட்டம்' எனப் பொருள்படும் 'கின்டர்கார்ட்டன்' என்ற பெயரை இட்டார். கம்பளி நூற்பந்து, மர உருண்டை, உருளை, எட்டுச் சிறு கனங்களாகப் பிரிந்து மீண்டும் ஒன்றாகக் கூடும் பெருங்கனம் என்பனவே அவர் பிள்ளைகளின் கையிற் கொடுத்த பாடநூல்கள். பிள்ளையின் விளையாட்டு வீண்பொழுதன்று. அதன் அறிவு தொழிற்படும் இடமே அது என்பது அவர் கொள்கை. இதனைக் கேட்டுப் பிரசிய அரசு அஞ்சியது. 1851இல் இவ்வகைப் பள்ளிகளைத் தடைசெய்தது. மறு ஆண்டு அவர் காலமானார். தடை நீங்கியது 1860இல். பந்தையும் மரக்கட்டையையும் கண்டு ஓர் அரசு அஞ்சிற்று என்றால் இன்று நகைப்பு உண்டாகின்றது. ஆயின், 'என் பிள்ளை விளையாடிவிட்டு வருகின்றது. ஒன்றும் எழுதவில்லை' என்று முறையிடச் சென்ற யான் அவ்வரசைப் பார்த்து நகைத்தல் பொருந்தாது.

புரோபலுக்கு ஏறக்குறைய எழுபது ஆண்டு கழித்து, இத்தாலி தேசத்து மரியா மொண்டிசோரி அம்மையார் 1907ஆம் ஆண்டு தை மாதம் 6ஆந் திகதி, உரோமாபுரியில் ஏழைத் தொழிலாளர் குடியிருந்த சான் லொரென்சோ என்னும் பகுதியிலே 'சிறுவர் இல்லம்' ஒன்றைத் திறந்தார். அவர் மருத்துவம் பயின்றவர். நோயாளியைப் பாராது மருந்து கொடுத்தல் மருத்துவர்க்கு ஆகாது. பிள்ளையைப் பாராது பாடங் கொடுத்தல் ஆசிரியர்க்கு எவ்வாறு ஆகும்? அவர் கண்ட ஒரு காட்சி கல்வியுலகில் நன்கு அறியப்பட்டது. மூன்று வயதளவான சிறுமி ஒருத்தி, பலவேறு அளவான மர உருளைகளை அவற்றிற்குரிய துளைகளில் இட்டும் எடுத்தும் பயின்றுகொண்டிருந்தாள். மற்றைப் பிள்ளைகளைச் சுற்றி நின்று பாடும்படி அம்மையார் சொன்னார். சிறுமியைக் கதிரையோடு தூக்கி மேசைமேல் வைத்தும் பார்த்தார். உருளைகளை மடியில் அணைத்துக்கொண்ட சிறுமி, மேசைமேலும் தன் வேலையைத் தொடர்ந்தாள். நாற்பதுக்கும் மேற்பட்ட தடவை அதனைச் செய்தபின், எவரும் நிறுத்தச் சொல்லாமலே தானாக நிறுத்தி, இளைப்பாறி எழுந்தவள்போல் மலர்ந்த முகத்தோடு சுற்றிலும் பார்த்தாள். சிறு பிள்ளைக்கு மனத்தை ஒருமுகப்படுத்த இயலாது என்று பெரியோர் சொல்லி வந்தனர். அம்மையார் அதனை மறுத்துரைப்பதற்கு முன் அருகில் நின்று எண்ணிப் பார்த்தார்.

இவ்வம்மையாருக்கும் எமக்கும் நேர்த்தொடர்பு உண்டு. 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்த அவர், உலகப்போர் காரணமாக 1946 வரை இந்தியாவிலே தங்க நேர்ந்தது. அக்காலத்தில் 1944இல் இலங்கைக்கும் வந்து பயிற்சி வகுப்பு நடத்தினார். மணற்கடதாசியில் வெட்டிய எழுத்துகளைப் பிள்ளைகள் விரலால் தடவி அறிதல் அவர் முறைகளுள் ஒன்று. ஏடு தொடக்கும் நாளிலே தட்டில் பரப்பிய அரிசியில் விரல் பிடித்து எழுதுவிக்கும் எமக்கு இது புதுமையன்று. அந்த ஒரு நாளில் நாம் பிள்ளையின் விரலை நம்புகின்றோம். மறுநாளே கொப்பியைக் கொடுத்து, கோட்டுக்குள் எழுது என்று அதட்டுகின்றோம். மொண்டிசோரி என்னும் பெயரை இன்று எமது தெருக்களின் பெயர்ப்பலகைகளிற் காண்கின்றோம். பெயரை எடுத்துக்கொண்டோம், பொறுமையுடன் எண்ணிக்கொண்டு நின்ற அவர் கண்ணை எடுத்துக்கொண்டோமா?

பொறுத்தல்

நோக்குவதிலும் அரிது, நோக்கியபின் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது. இக்கலையை யப்பானியரிடம் கற்றல் தகும். அந்நாட்டிலே 1876இல் தோக்கியோப் பெண்கள் ஆசிரிய கலாசாலையில் முதன்முதல் கின்டர்கார்ட்டன் தொடங்கியது. யேர்மனியிலிருந்து வந்த அம்முறையை அவர்கள் தம் இயல்புக்கேற்ப மாற்றிக்கொண்டனர். 'மிமமோரு' என்றொரு சொல் அவர்களிடம் உண்டு. பார்த்துக்கொண்டே காத்தல் என்பது அதன் பொருள். இரு பிள்ளைகள் பொம்மைக்குச் சண்டையிட்டால் ஆசிரியை உடனே ஓடிச் சென்று விலக்கமாட்டார். அஃது அசட்டையன்று. காயம் நேருமோ என்று கண் வைத்திருப்பார். பிள்ளைகளே, குறிப்பாக அருகில் நிற்கும் ஏனைய பிள்ளைகள், வழக்கைத் தீர்ப்பதற்கு இடம் விடுவார்.

யப்பான், சீனா, அமெரிக்கா ஆகிய மூன்று நாட்டு முன்பள்ளிகளை ஒப்பிட்டு, யோசப் தோபின் என்பாரும் அவருடன் இருவரும் 1989இல் ஒரு நூல் வெளியிட்டனர். ஒரு நாட்டு வகுப்பறையிற் பிடித்த படத்தை மற்றை நாட்டு ஆசிரியர்க்குக் காட்டிக் கருத்துக் கேட்பது அவர்கள் முறை. கியோத்தோ நகரத்து முன்பள்ளி ஒன்றிலே குறும்புக்காரச் சிறுவன் ஒருவனை ஆசிரியை கண்டிக்காதிருத்தலைக் கண்ட அமெரிக்கர் வியந்தனர். முப்பதளவு பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியை என்பதும் அவர்களுக்குப் பெருங்குறையாகத் தோன்றியது. யப்பானியரோ, தொகை மிகக் குறைந்தால் பிள்ளை ஆசிரியையே சார்ந்திருக்கும். பலரோடு கூடி வாழக் கற்காது என்றனர். நாற்பது பேர் கொண்ட வகுப்பைப் பார்த்துப் பெருமூச்சு விடும் எமக்கு இவ்விடை சிந்திக்கத்தக்கது. பெருவகுப்பு நன்று என்று யான் வாதிக்கவில்லை. பெருவகுப்பிலும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் ஆசிரியராதல் கூடும் என்பதனை நாம் மறந்துவிட்டோம் என்றே சொல்லுகின்றேன்.

பின்லாந்திலே முறையான பள்ளிக்கல்வி ஏழாம் வயதிலே தொடங்குகின்றது. ஆறு வயதினர்க்கு ஓராண்டு முன்பள்ளி 2015 முதல் கட்டாயமாக்கப்பட்டது. அங்கும் விளையாட்டுக்கே பேரிடம். இங்ஙனம் பிந்தித் தொடங்கிய அந்நாட்டு மாணவர், 2000ஆம் ஆண்டிலே பதினைந்து வயதினர்க்கு நடந்த சர்வதேச வாசிப்புத் தேர்விலே முதலிடம் பெற்றனர். பின்வந்த ஆண்டுகளில் அவர்தம் புள்ளிகள் இறங்கியமையும் உண்மை. ஆதலின் அந்நாட்டை யாம் வழிபடவேண்டுவதில்லை. பிந்தித் தொடங்குதல் ஒன்றினாலே பிள்ளை பின்தங்கிவிடும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் இல்லை என்ற அளவே இதிலிருந்து கொள்ளத்தக்கது.

விளைவுக்காகப் பொறுத்தல் வேறொன்று. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து இப்சிலாந்தி நகரிலே 1962 தொடக்கம் 1967 வரை ஓர் ஆய்வு நடைபெற்றது. வறிய கறுப்பினக் குடும்பத்துப் பிள்ளைகள் 123 பேருள் 58 பேருக்கு நல்ல முன்பள்ளிக் கல்வி அளிக்கப்பட்டது. ஆசிரியர் வாரந்தோறும் அவர்கள் வீட்டுக்கும் சென்றனர். எஞ்சிய 65 பேருக்கு அவ்வாய்ப்பு இல்லை. முன்பள்ளிப் பிள்ளைகளின் நுண்மதிப் புள்ளி முதலில் உயர்ந்தது. சில ஆண்டுகளிலே அவ்வுயர்ச்சி மறைந்தது. அப்போதே கணக்கை மூடியிருந்தால் முயற்சி வீணென்று எழுதியிருப்பர். ஆய்வாளர் மூடவில்லை, பிள்ளைகளை நாற்பதாம் வயது வரை தொடர்ந்தனர். முன்பள்ளி சென்றவருள் உயர்பள்ளியை முடித்தோர் கூடுதலாகவும், நல்லூதியம் பெறுவோர் கூடுதலாகவும், குற்றத்துக்காகக் கைதானோர் குறைவாகவும் இருந்தனர். சிறிய ஆய்வுதான், அதனைக்கொண்டு எல்லாவற்றையும் நிறுவுதல் இயலாது. எனினும், தவணைப் பரீட்சைக்குத் தவணைப் பரீட்சை அளந்து, பிள்ளையின் தலைவிதியை எழுதிவிடும் எமக்கு அஃது ஓர் எச்சரிக்கை. புள்ளி மறைந்த இடத்திலும் கல்வி மறைந்திராது.

குறித்தல்

கண்டதைக் குறியாதவன் விரைவில் மறப்பான். குறித்தலை ஒரு கலையாக வளர்த்தவர் இத்தாலியின் வடபகுதியிலுள்ள ரெஜியோ எமிலியா நகரத்தார். அதன் தொடக்கமே நெஞ்சைத் தொடுவது. 1945ஆம் ஆண்டு வசந்தகாலத்திலே போர் ஓய்ந்தது. அந்நகர்க்கு அண்மையிலுள்ள வில்லா செல்லா என்னும் சிற்றூரார், பின்வாங்கிய யேர்மானியப் படை விட்டுச் சென்ற தாங்கி ஒன்றையும், பாரவண்டிகளையும், குதிரைகளையும் விற்று, அப்பணத்தைக் கொண்டு தம் சிறுவர்க்குப் பள்ளி கட்டத் தொடங்கினர். இடிந்த வீடுகளின் செங்கற்களையே பொறுக்கி எடுத்தனர். செய்தி கேட்டு இளம் ஆசிரியராகிய லோரிஸ் மலகுட்சி துவிச்சக்கர வண்டியிலே அங்குச் சென்றார்; அவர் வாழ்நாள் முழுவதும் அவ்வேலையோடு பிணைந்தது. 1963இல் நகரசபையின் முதற் சிறுவர் பள்ளி தொடங்கியது. அப்பள்ளிகளிலே ஆசிரியர் பிள்ளைகள் பேசுவதை அப்படியே எழுதிக்கொள்வர்; அவர்கள் வரைந்தவற்றையும் செய்தவற்றையும் வைத்திருப்பர்; பின் ஏனைய ஆசிரியரோடு கூடியிருந்து, 'இப்பிள்ளை எதனை அறிய முயல்கின்றது?' என்று ஆராய்வர். மறுநாட் பாடம் அவ்வாராய்ச்சியிலிருந்து பிறக்கும்.

நியூசிலாந்து காட்டும் வழி எம் போன்ற மொழிப்பற்றுடையார்க்கு இன்னும் அண்மையானது. அந்நாட்டு ஆதிக்குடிகளாகிய மவோரியரின் மொழி, இளையோர் நாவிலிருந்து மறைந்துகொண்டிருந்தது. 1982இல் அவர்கள் 'மொழிக் கூடு' என்று பொருள்படும் பெயரோடு சிறுவர் நிலையங்களைத் திறந்து, மொழியறிந்த முதியோரையும் மழலைகளையும் ஓரிடத்திற் சேர்த்தனர். பாட்டிமாரே ஆசிரியராயினர். 1996இல் அந்நாடு வெளியிட்ட முன்பள்ளிக் கலைத்திட்டத்துக்கு 'தே வாரிக்கி' என்பது பெயர். மவோரி மொழியில் அது பின்னிய பாய் எனப் பொருள்படும். பனையோலைத் தடுக்கிலே பிள்ளையை இருத்தி வளர்த்த எமக்கு இவ்வுவமையை எவரும் விளக்கவேண்டுவதில்லை. பல ஓலைகள் குறுக்கும் நெடுக்குமாய்ப் பின்னி ஒரு பாயாதல்போல, உடல்நலம், மொழி, உறவு, ஆராய்வு என்பன தனித்தனிப் பாடங்களாகாமல் ஒன்றாய்ப் பின்னி ஒரு பிள்ளையாகின்றன. அங்கு ஆசிரியர் எழுதுவது புள்ளிப் பட்டியல் அன்று. 'கற்றற் கதை' எனப்படுவது. இன்ன நாளில் இப்பிள்ளை இதனைச் செய்தது, அதிலே இன்னதைக் கற்றது, இனி இதற்கு வழி செய்யலாம் என்று எழுதி வீட்டாரோடும் பகிர்வர். நாம் எழுதும் முன்னேற்ற அறிக்கையிலோ, 'கவனம் போதாது', 'இன்னும் முயலவேண்டும்' என்னும் இரு தொடர்களே ஆண்டுதோறும் மீளமீள வருகின்றன. நாற்பது பிள்ளைகளுக்கும் பொருந்தும் தொடர் ஒரு பிள்ளையைப் பற்றியும் ஒன்றுஞ் சொல்வதில்லை.

என் வகுப்பறையில்

இவற்றைப் படித்தபின் யானும் ஒரு சிறு கொப்பி வாங்கினேன். நாளொன்றுக்கு மூன்று மாணாக்கரைப் பற்றி இரண்டிரண்டு வரி எழுதுவதென்பது திட்டம். மூன்று வாரத்துள் வகுப்பு முழுவதும் வந்துவிடும். அக்கொப்பி எனக்குக் காட்டிய ஒன்றை இங்கே மறையாது சொல்லுதல் என் கடன்.

ஆறாந் தரத்திலே ஒரு மாணவன் இருந்தான். வாழை என்பதை வாளை என்றும், பழம் என்பதைப் பளம் என்றும் எழுதுவான். ஐம்பது தடவை எழுதிவரும்படி தண்டித்தும் திருந்தவில்லை. ஒருநாள் அவன் கொப்பியை வகுப்பின் முன் தூக்கிப் பிடித்து, "இது தோட்டத்திலே குலை போடுகிற வாழையோ, கடலிலே திரிகிற வாளையோ?" என்று கேட்டேன். வகுப்புச் சிரித்தது. யானும் சிரித்தேன். அதன்பின் அவன் எழுத்திலே பிழைகள் குறைந்தன. என் மருந்து பலித்ததென்று மகிழ்ந்திருந்தேன்.

சில மாதங் கழித்து, குறிப்புக் கொப்பியில் அவன் முறை வந்தது. அவனைப் பற்றி என்ன எழுதுவதென்று தெரியாமல், அவனுடைய பழைய கட்டுரைகளை எடுத்து ஒருசேரப் படித்தேன். 'ஒரு மழைநாள்' என்று கரும்பலகையிற் கண்ட தலைப்பை எழுதியிருந்தான். அதன் கீழே ஒன்றரைப் பக்கம். அதில் மழை என்ற சொல் ஓரிடத்தும் இல்லை. மாரி என்றிருந்தது, தூறல் என்றிருந்தது, வானத்துத் தண்ணீர் என்றுகூட இருந்தது. வீட்டுத் தோட்டத்தைப் பற்றிய கட்டுரையிலே வாழை இல்லை, கதலி இருந்தது. பழம் இல்லை, கனி இருந்தது. ஏழு மணிக்கு என்பதை இலக்கத்தால் எழுதியிருந்தான். எமக்குப் பெருமை தருவது எது என்னும் கட்டுரையைப் புரட்டினேன். 'எங்கள் பாஷை' என்று எழுதியிருந்தான். தமிழ் என்னும் சொல்லுக்கும் ழகரம் வேண்டும் அல்லவா? மொழி என்னும் சொல்லுக்கும் அது வேண்டும். ஒரு தமிழாசிரியனுடைய பரிகாசத்துக்கு அஞ்சி, ஒரு தமிழ்ப் பிள்ளை தமிழ் என்னும் சொல்லையே எழுதாமல் விட்டிருந்தது.

பின்பு அவன் வாசிக்கும்போது அருகிலிருந்து கேட்டேன். எமது யாழ்ப்பாணப் பேச்சிலே ழகரம் பெரும்பாலும் ளகரமாகவே ஒலிக்கும். அவன் கேட்டபடி எழுதியவன். அவன் செவி பிழைக்கவில்லை. வகுப்பிலே மிகக் கூர்மையான செவி அவனுடையதே. ஏனையோர் கண்ணாற் கண்டதை எழுதினர்; அவன் காதாற் கேட்டதை எழுதினான். யான் அவனுக்குக் கற்பிக்கவேண்டியிருந்தது எழுத்தையன்று. பேச்சொலியும் எழுத்தும் வேறுபடும் இடத்தையே. அவனிடம் தனியே என் பிழையைச் சொல்லி வருத்தம் தெரிவித்தேன். ளகரமாகக் கேட்டு ழகரமாக எழுதவேண்டிய சொற்களை வகுப்பார் எல்லாரும் தேடிக் கொண்டுவரவேண்டும் என்று ஏற்படுத்தி, அப்பட்டியலைக் காக்கும் பொறுப்பை அவனிடம் கொடுத்தேன். இன்றும் அவன் சில வேளை பிழை விடுவான். ஆனால் மழையை மழை என்றே எழுதுகின்றான்.

தடைகள் சில

'இவை செல்வ நாடுகளுக்கு உரியன. எமக்கு ஆகா' என்பார் உளர். சான் லொரென்சோ ஏழைகளின் சேரி. வில்லா செல்லா போரால் இடிந்த ஊர். அயல் நாடாகிய இந்தியாவிலே, கூர்ச்சரத்துப் பவநகரில் 1920இல் பாலமந்திரம் தொடங்கிய கிஜுபாய் பதேகா, வழக்கறிஞர் தொழிலை விட்டு வந்தவர். கதையும் பாட்டும் நாடகமும் அவர் கருவிகள். பிள்ளைகளோடு அவர் பழகிய தன்மையைக் கண்டு 'மீசை வைத்த தாய்' என்று அவரை அழைத்தனர். சிறுவரைப் பேணுதல் பெண்டிர் தொழில் என்று ஒதுங்கி நிற்கும் ஆடவராகிய எமக்கு அப்பெயர் ஒரு பாடம்.

'பாடத்திட்டம் முடியவேண்டும்; புலமைப்பரிசிலும் சாதாரண தரமும் காத்திருக்கின்றன' என்பார் வேறு சிலர். இது பொய்யன்று; யானும் அந்நுகத்தைச் சுமப்பவனே. ஆயினும் நாளொன்றுக்கு ஆறு வரி எழுதுதல் எப்பாடத்தையும் கெடுக்கமாட்டாது. 'மனனமும் ஒழுங்கும் போய்விடும்' என்று அஞ்சுவோர்க்கும் ஒன்று சொல்வேன். மனனம் வேண்டாமென்று தமிழாசிரியன் எவனும் சொல்லான். நாவிலே பதிந்த செய்யுள் வாழ்நாள் முழுவதும் துணையாவது. ஆனால் பிள்ளை மனனஞ் செய்யும்போது அதன் முகத்தைப் பார்ப்பவனுக்கே, அது விரும்பிச் சொல்லுகின்றதோ அஞ்சிச் சொல்லுகின்றதோ என்பது தெரியவரும்.

வேண்டுகோள்

உடனாசிரியர்க்கு ஒன்று: தவணைக்கு ஒருநாள், ஒரு மணி நேரம், அருகிலுள்ள முன்பள்ளி ஒன்றின் விறாந்தையிற் சென்று அமருங்கள். கற்பிக்கச் செல்லவேண்டாம், பார்க்கச் செல்லுங்கள்.

மாணவர்க்கு ஒன்று: உங்கள் தம்பி தங்கையர் மணலிலே வீடு கட்டும்போது சிதைத்துவிடாதீர்கள். அது அவர்களுடைய பாடவேளை.

பழைய மாணவர்க்கு ஒன்று: உள்ளூரிலும் கடல் கடந்தும் வாழும் நீங்கள் இவ்விழாவை முன்னிட்டு மனமுவந்து பணம் திரட்டுகின்றீர்கள். வளைவும் மண்டபமும் விளையாட்டரங்கும் எழுவதைக் கண்டு மகிழ்கின்றோம். எனினும், எமது கல்லூரிக்குப் பிள்ளைகளை ஆக்கித் தரும் ஊர் முன்பள்ளிகளிலே, ஆசிரியைகள் பலர் பெறுங் கொடுப்பனவு ஒரு வீட்டின் மாதச் செலவுக்குப் போதாதது என்பதை ஊரவர் அறிவர். பயிற்சி பெற்ற ஆசிரியை ஒருவர், கடையிலே கூடிய சம்பளம் கிடைக்கின்றதென்று விட்டுச் செல்லும்போது, நாம் இழப்பது ஒரு கண்ணை. எமது மண்ணிலும் 2009இல் ஒரு போர் ஓய்ந்தது. போர் ஓய்ந்த ஊரில் முதலிற் கட்டவேண்டியது எது என்று வில்லா செல்லாவின் குடியானவர்க்குத் தெரிந்திருந்தது. விழா நிதியிலே ஒரு பங்கை, சிறு பங்காயினும் ஆண்டுதோறும் தவறாத பங்கை, அவ்வாசிரியைகளின் ஊதியத்துக்கும் பயிற்சிக்கும் ஒதுக்குங்கள். அதற்குக் கல்வெட்டு இராது. திறப்பு விழாவும் இராது. பத்து ஆண்டு கழித்து எமது ஆறாந் தரத்து வகுப்பிலே வந்து அமரும் பிள்ளைகளின் முகத்திலே அது தெரியும்.

என் மகள் 'அ' எழுதப் பிந்திக் கற்றாள். இன்று எழுதுகின்றாள், அயல்வீட்டுப் பிள்ளையும் எழுதுகின்றது. இருவர் எழுத்திலும் வேற்றுமை காணேன். சிரட்டையை மணலில் நிறுத்திய அச்சிறுவன் இவ்வாண்டு ஊர்ப் பாடசாலையிற் படிக்கின்றான். ஓரிரு ஆண்டிலே எமது கல்லூரி வாயிலில் வந்து நிற்பான். அவனைப் பெற்றுக்கொள்ளத் தகுதியுடையோராய் நாம் இருத்தல் வேண்டும். எமது கல்லூரி நீடு வாழ்க.